டிரம்பெட் போன பிறகு

மூன்று பேர் போனதைக்கூட எங்கள் மாஸ்டர் தாங்கிக்கொண்டார். மூன்று கோட்டு போனதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"போறவன் போறான், கோட்டக் கழட்டி ஆணியில மாட்டிட்டு போவக்கூடாதா? இன்னா வளப்புடா இது!" என்று தையல் மிஷினைப் பார்த்துக் கத்தினார். மிஷின் பாவம், அது என்ன பதில் சொல்லும்? சிவப்பு சாட்டின் துணியில், காலரில் ஜிகினா வைத்து, அவரே தைத்த கோட்டுகள். மேடையில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் பட்டால் ஊரே வாயைப் பிளக்கும்.

மாஸ்டருக்குச் செங்கத்தில் தையல்கடை. கூடவே ஒரு மெல்லிசைக் குழு. டெய்லர் என்பதாலும் மாஸ்டர், குழுத் தலைவர் என்பதாலும் மாஸ்டர். எழுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கத்துத் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றிலும் நாங்கள்தான் சினிமாப் பாட்டு. மொத்தம் ஆறு பேர். டிரம்பெட் ஒருவர், அக்கார்டியன் ஒருவர், கிதார் ஒருவர். மாஸ்டர் பாங்கோஸ் அடித்துக்கொண்டே ஆண் குரலில் பாடுவார். வாணியம்பாடியிலிருந்து வந்து எங்கள் ஊரில் வளையல்கடை போட்டிருந்த பாய், மரக்காஸ் என்கிற கிலுகிலுப்பையைக் குலுக்குவார். பெண் குரல் நான். எனக்கு அப்போது இருபது வயது. என் குரலைப் பற்றி எனக்கு இருந்த கர்வத்துக்கு வயது அதைவிட ஜாஸ்தி.

அந்த டிரம்பெட்டும் அக்கார்டியனும் கிதாரும்தான் ஒரே நாளில், சொல்லாமல் கொள்ளாமல், வேலூரில் ஒரு பெரிய குழுவுக்குப் போய்விட்டார்கள். கோட்டோடு.

அந்தக் காலத்தில் ஒரு குழுவை மெச்ச ஒரே வார்த்தைதான். "அப்பிடியே ரெக்கார்டு மாதிரியே வாசிச்சாங்கப்பா." பாடுகிறவர் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ஜனங்கள் விட்டுவிடுவார்கள். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வருமே வாத்தியம், நாங்கள் அதை நடு மியூசிக் என்போம், அது பிசகினால் கல் வரும். எங்கள் நடு மியூசிக் முழுக்க அந்த மூன்று பேரின் கையில் இருந்தது. மிச்சம் இருந்த எங்கள் மூன்று பேரில் ஒருவர் தட்டுவார், ஒருவர் குலுக்குவார், ஒருத்தி பாடுவாள். இதை வைத்துக்கொண்டு என்ன கச்சேரி செய்வது?

என் பயத்துக்கு வேறு காரணம் இருந்தது. என் அம்மா.

அம்மா பஸ் ஸ்டாண்டில் இட்லிக்கடை வைத்திருந்தாள். அப்பா இல்லை. பதினெட்டு வயதில் நான் பாடப் போகிறேன் என்று அடம்பிடித்தபோது, கரண்டியை ஓங்கினவள், மாஸ்டர் வந்து பேசிய பிறகு இறக்கினாள். இறக்கிவிட்டு ஒரு நிபந்தனை போட்டாள். "இத பாரு. மாஸ்டரு யோக்கியமான மனுசன், அதால அனுப்புறேன். அந்தக் குழு இருக்கிற வரைக்கும் பாடு. குழு கலைஞ்சிதோ, வாய மூடிகினு வூட்ல உக்காரணும். வேற எவன் குழுவுக்கும் போவக்கூடாது. செரியா?"

சரி என்று தலையாட்டினேன். குழு என்பது மலை மாதிரி, அது எங்கே கலையப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். அசடு!

ஊருக்குள் ஒரு செய்தி கிளம்பினால் அம்மாவின் கடைக்குத்தான் முதலில் வரும். நான் போவதற்குள் விஷயம் வந்து, டீ குடித்துவிட்டுப் போயிருந்தது.

"இன்னாடி, கலைஞ்சிதாமே?"

"கலையல."

"எத்தினி பேரு மிச்சம்?"

"மூணு."

"மூணு பேரா? சீட்டாடக்கூட ஒரு கை கொறையுதேடி." மாவை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "ஜவ்வாது மலைக்கு வெத்தல வாங்கிட்டீங்கல்ல? வாங்கினதுக்குப் போய்ட்டு வா. அங்க பேரு கெட்டுதுன்னா அத்தோட விட்டுடணும். சொல்லிட்டேன்."

வெற்றிலை என்றால் இதுதான். மலைமேல் ஒரு கிராமத்து ஊர்க்கவுண்டர் புளி விற்கச் சந்தைக்கு இறங்கியபோது, மாஸ்டரின் கடைக்கு வந்து, துணி வெட்டும் பலகையின்மேல் வெற்றிலை பாக்கை வைத்தார். தை மாதத் திருவிழாவுக்குப் பாட வரவேண்டும். மாஸ்டர் எடுத்து மென்றார். அவ்வளவுதான் ஒப்பந்தம். காகிதம் இல்லை, கையெழுத்து இல்லை. ஆனால் வெற்றிலையை மென்றுவிட்டுப் போகாமல் இருந்தால், அப்புறம் அந்த மலையில் எந்த ஊரும் நமக்கு வெற்றிலை வைக்காது. பத்து நாள்தான் இருந்தது.

முதல் நாள் ஒத்திகைக்குப் பாய் ஒரு துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தார். பிரித்தால் புல்புல்தாரா. ஒரு பக்கம் கம்பிகள், மேலே டைப்ரைட்டர் மாதிரி கட்டைகள். அவருடைய சொந்தக்காரர் கல்யாணங்களில் வாசிப்பாராம். இந்தக் குழுவில் நாலு வருஷம் மரக்காஸ் குலுக்கின மனுஷன், ஒரு நாள்கூட இதைக் காட்டியதில்லை.

"ஏன் பாய் சொல்லல?" என்றேன்.

"சொன்னேன் தங்கச்சி. மாஸ்டரு வோணாம்னாரு. ஜிகினா கோட்டு போட்டுகினு இத வாசிச்சா கவுரவம் இல்லையாம்."

மாஸ்டர் காதில் விழாத மாதிரி ஊசியில் நூல் கோத்தார்.

பாய் வாசித்தார். ஐயோ, என்ன இனிமை! ஆனால் மெல்லிசு. டிரம்பெட் தொண்டை கிழியக் கத்தின இடத்தில் இது கொசு மாதிரி ரீங்கரித்தது. வீட்டுக்குள் கேட்கலாம். திருவிழாக் கூட்டத்தில் மூன்றாவது வரிசைக்குக்கூடப் போகாது. மூன்று பேரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அப்போதுதான் மாஸ்டருக்கு அந்த மகா யோசனை வந்தது. ஒரு டெய்லருக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை.

"துணி கொறைஞ்சா இன்னா பண்ணுவோம்? நடுவுல இருக்கிற மடிப்ப எடுத்துட்டு ரெண்டு பக்கத்தையும் சேத்து தச்சிடுவோம். பாட்டுக்கும் அதே. நடு மியூசிக்க வெட்டிடு. பல்லவி முடிஞ்ச கையோட சரணத்த எடு. மலைமேல கரண்டு இல்ல, சினிமா கொட்டாய் இல்ல, கிராமபோன் இல்ல. ரெக்கார்டு எப்பிடின்னு அவங்களுக்கு எப்பிடித் தெரியும்? தையல் தெரியாது, பாரு."

பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். வேறு வழி இல்லை. பத்து நாளும் பன்னிரண்டு பாட்டை வெட்டினோம், தைத்தோம். முதலில் மூச்சு வாங்கியது. நடு மியூசிக்கில்தானே நான் எச்சில் விழுங்குவேன்! போகப் போகப் பழகியது. எட்டாம் நாள் எனக்கே தையல் தெரியவில்லை. பாட்டு என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று தோன்றிவிட்டது. அவ்வளவு தைரியம்.

ஜீப் போகிற வரைக்கும் ஜீப்பில் போனோம். அதற்குமேல் நடை. கலசப்பாக்கத்துக்காரர் ஒருவரின் மைக் செட். கூம்பு ஸ்பீக்கர் ஒரு ஆள் தலையில், பேட்டரி இன்னொரு ஆள் தலையில். அம்மா வழக்கம்போலத் துணைக்கு வந்தாள். எல்லாக் கச்சேரிக்கும் வருவாள். மேடைக்குப் பின்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு, கூட்டத்துக்கு முதுகு காட்டி உட்காருவாள். பாட்டைக் கேட்கிறாளா, கணக்குப் போடுகிறாளா, தூங்குகிறாளா, எதுவும் தெரியாது. அன்றைக்கு மலை ஏறும்போது மூச்சிரைக்க ஒரு வார்த்தை சொன்னாள்: "நெனப்பு இருக்குதுல்ல?" இருக்கிறது என்றேன். எரிச்சலாக வந்தது.

அங்கே கச்சேரி பகலில். சுற்றிலும் இருக்கிற சின்னச் சின்ன ஊர்களிலிருந்து நடந்து வருகிறவர்கள் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டுமே. அதனால் மதியம் சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் போட்டார்கள், சாப்பிட்ட கையோடு மேடை. பெரிய புளியமரத்தடியில் மண்ணைக் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். பட்டப்பகலில் மாஸ்டரின் ஜிகினா மங்கிப்போய், துணி வெறும் துணியாகத் தெரிந்தது. எதிரே ஜனம். ஆண்கள், பெண்கள், பிள்ளைகள், ஊர் ஊராகப் பிரிந்து மூன்று கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

முதல் பாட்டு, மழையில் நனைந்துகொண்டே ஒருத்தி காதலனைத் தேடுகிற பாட்டு. பல்லவி அமர்க்களமாக வந்தது. தலையை ஆட்டிக் கேட்டார்கள். பல்லவி முடிந்தது, ஒத்திகைப்படி சரணத்தைப் பிடித்தேன்.

அதே நேரத்தில் கூட்டமும் பாடத் தொடங்கியது.

சரணத்தை அல்ல. டிரம்பெட்டை! வாயால்! "பப்பர பாம்... பப்பர பாம்..." என்று இடது பக்கத்துக் கூட்டம். "லல்லலீ" என்று வலது பக்கம். இருநூறு முந்நூறு வாய்கள். நான் சரணத்தில் இரண்டாவது வரி, அவர்கள் நடு மியூசிக்கில் பாதி. ஒன்றோடொன்று முட்டி, தடுக்கி, சந்தையில் இரண்டு மாடு மிரண்ட மாதிரி ஆகிவிட்டது. அவர்களும் நிறுத்தினார்கள், நானும் நிறுத்தினேன். மாஸ்டரின் கை மட்டும் தனியாக ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு அடங்கியது.

முன் வரிசையில் இடுப்பில் குழந்தையோடு இருந்த ஒரு பெண் எழுந்து நின்றாள். "இன்னாம்மா, நடுவுல தாண்டிப் பூட்டியே?" என்றாள். கோபமாக இல்லை. எனக்கு ஏதோ மறந்துவிட்டது என்று பரிதாபப்பட்டுக் கேட்டாள். அதுதான் இன்னும் மோசம்.

மாஸ்டர் கிசுகிசுத்தார்: "அடுத்த பாட்டு, அடுத்த பாட்டு!" அடுத்த பாட்டை எடுத்தேன். பல்லவி முடிந்தது. மறுபடியும் "லல்லலீ". மறுபடியும் முட்டல். இந்தத் தடவை சிரித்தார்கள். எனக்குக் காது இரண்டும் எரிந்தன. திரும்பிப் பார்த்தேன். முதுகு காட்டி உட்காரும் அம்மா அன்றைக்குத் திரும்பி உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்தது கதை, இனி இட்லி மாவுதான் என்று நினைத்தேன்.

ஊர்க்கவுண்டர் மேடைக்கு வந்தார். மாஸ்டர் கும்பிட்ட கையோடு நின்றார்.

"மன்னிக்கணும் கவுண்டரே. வாசிக்கிறவங்க மூணு பேரு எங்கள உட்டுட்டு பூட்டாங்க. அதால நடுவுல கொஞ்சம் வெட்டிட்டோம்."

"வெட்டிட்டீங்களா? பாட்டையா?" கவுண்டர் என்னவோ நாங்கள் காய்க்கிற புளியமரத்தை வெட்டிவிட்டதைப்போலக் கேட்டார்.

"ரெக்கார்டு இங்க யாருக்கும் தெரியாதுன்னு..."

"ரெக்கார்டு தெரியாது. ரேடியோ தெரியுமே!"

அப்புறம் அந்தக் குழந்தைக்காரப் பெண்தான் விளக்கினாள். ஊருக்கு ஒரு டிரான்சிஸ்டர். களை எடுக்கும்போதும் புளி தட்டும்போதும் அதை மரத்தில் மாட்டிவிடுவார்களாம். இலங்கையிலிருந்து வருகிற பாட்டு. மலை அல்லவா, பாட்டு வரும், திடீரென்று போய்விடும், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வரும். "அது போச்சின்னா நாங்க வுட்ருவமா? வாயால இழுத்துகினே போவோம். மேளம், பீப்பி, எல்லாம். அது திரும்பி வர்றப்ப யாரு செரியான எடத்துல இருக்காங்களோ அவங்க கெலிச்சாங்க." மூன்று ஊருக்கும் இதில் போட்டி வேறு. பீப்பி இடது பக்கத்து ஊர். வயலின் வலது பக்கத்து ஊர். நடுவில் இருந்தவர்கள் மேளம்.

கேட்கக் கேட்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. பத்து நாளாக எங்கள் மூன்று பேரைப் பிடித்து ஆட்டின நடு மியூசிக், இதோ எதிரே மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது! மாஸ்டரைக் கேட்கவில்லை. மைக்கைப் பிடித்தேன்.

"நான் வெட்டல. நீங்க வாசிங்க. நான் நிக்கிறேன். ரேடியோ திரும்பி வர்ற மாதிரி நான் வர்றேன். யாரு செரியா இருக்கீங்கன்னு பாக்கலாமா?"

ஒரே கூச்சல். விசில். கிழவர் ஒருவர் துண்டைச் சுழற்றினார்.

மழைப் பாட்டை மறுபடியும் எடுத்தேன். பல்லவியை முடித்துவிட்டு வாயை மூடினேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. டிரம்பெட் ஒருவரின் மூச்சு. இது ஒரு மலையின் மூச்சு. பப்பர பாம் என்று இடது பக்கம் எழுப்ப, வலது பக்கம் இழுத்துக் கொடுக்க, நடுவில் தொடையில் தட்டித் தட்டி மேளம். அந்தச் சத்தத்துக்கு நடுவே பாயின் புல்புல்தாரா மெல்லிசாக ஓடியது. ஒத்திகையில் கொசுவாக இருந்தது, இப்போது பூக்கட்டுகிற நார் மாதிரி எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்தது. பாயின் கண் கலங்கிவிட்டது. "அரே வா, அரே வா" என்று சொல்லிக்கொண்டே வாசித்தார்.

சரணத்துக்கு நான் அரை மூச்சு தாமதமாக வந்தேன். "லேட்டு! லேட்டு!" என்று கத்தினார்கள். கர்வம் பிடித்த எனக்கு அது எப்படி இனித்தது என்று சொல்லத் தெரியவில்லை. அடுத்த சரணத்தில் சரியாக வந்தேன். கூட்டம் கை தட்டவில்லை, குதித்தது.

பன்னிரண்டு பாட்டும் பாடினோம். தைத்த தையலை எல்லாம் பிரித்துப் போட்டோம். எட்டாவதோ ஒன்பதாவதோ பாட்டில், அக்கார்டியன் வருகிற இடத்தில், மூன்று ஊரும் கொஞ்சம் தடுமாறின. அந்த ரேடியோ அந்த இடத்தில் எப்போதும் போய்விடுமோ என்னவோ. அப்போது எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் அதைப் பிடித்துக்கொண்டு போனது. கரகரப்பான குரல், ஆனால் ஒரு வளைவுகூடத் தவறவில்லை. திரும்பினேன். அம்மா! மடியில் பை, கண் மூடியிருந்தது, வாய் அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டில் நாள் முழுக்க ரேடியோ ஓடுகிற கடையில் இருபது வருஷமாக மாவு ஊற்றுகிறவள். அவள் வாயிலிருந்து ஒரு பாட்டு வந்து நான் அதுவரை கேட்டதே இல்லை. நான் சரணத்தைக் கோட்டை விட்டேன். "லேட்டு!" என்று மறுபடியும் கத்தினார்கள்.

பொழுது சாய்வதற்குள் கவுண்டர் மேடையிலேயே அடுத்த வருஷத்துக்கு வெற்றிலை வைத்தார். மாஸ்டர் நான்கு பேருக்கும் பங்கு போட்டார். அம்மாவுக்கும் ஒன்று.

மலை இறங்கும்போது கேட்டுவிட்டேன். "அம்மா, குழு கலைஞ்சிதா?"

"பாத்து நட. கல்லு கீது" என்றாள்.

அதற்குப் பிறகு நாங்கள் ஆள் சேர்க்கவில்லை. அதுதான் எங்கள் பாணி ஆகிவிட்டது. கீழே முதல் இரண்டு கச்சேரியில் "இன்னாய்யா, வாத்தியம் எங்க?" என்று கேலி செய்தார்கள். சந்தவாசல் கச்சேரியில் ஒரு செருப்புகூட வந்தது, ஒற்றைச் செருப்பு. ஆனால் நான் பாட்டுக்கு முன்னால் கூட்டத்தை இரண்டாகப் பிரித்து, நீங்க பீப்பி, நீங்க வயலின் என்று சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவது ஊரில் பிடித்துக்கொண்டது. ரேடியோ எல்லார் காதிலும் இருந்தது, வாசிக்கச் சொல்லி அவர்களைக் கேட்க ஆள்தான் அதுவரை இல்லை. மாஸ்டர் பாய்க்குப் புதுக் கோட்டு தைத்தார், ஜிகினா இரட்டை வரிசை.

அடுத்த தை வந்தது. மலைக்குக் கிளம்புகிற அன்று காலை டிரம்பெட்காரர் கடை வாசலில் வந்து நின்றார். வேலூர்க் குழுவில் எலக்ட்ரிக் ஆர்கன் வாங்கிவிட்டார்களாம். அதிலேயே டிரம்பெட் வருகிறதாம், இவர் எதற்கு? பழைய சிவப்புக் கோட்டை அயர்ன் பண்ணி மடித்துக் கொண்டுவந்திருந்தார். மாஸ்டருக்குக் கோட்டைப் பார்த்ததும் மனசு இளகிவிட்டது. "வா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிஜத்தைச் சொல்கிறேன், ஒரு பக்கம் ஆசையும் இருந்தது. நிஜ டிரம்பெட் வந்தால் மறுபடியும் ரெக்கார்டு மாதிரியே ஆகிவிடுமே! குழுவில் ஒரு ஆள் கூடினால் அம்மாவின் கணக்கிலும் நல்லதுதானே என்று வாயை மூடிக்கொண்டேன்.

அதே புளியமரம், அதே மூன்று கூட்டம், இந்த வருஷம் இன்னும் இரண்டு ஊர் கூடுதல். மழைப் பாட்டு. பல்லவியை முடித்து நிறுத்தினேன். டிரம்பெட்காரர் ஒரு அடி முன்னால் வந்து, கன்னத்தை உப்பி, ஊதினார். பிசகே இல்லை. அப்படியே ரெக்கார்டு. கூட்டம் வாயைத் திறந்த மேனிக்கு அப்படியே நின்றுவிட்டது. யாருக்கும் செய்வதற்கு எதுவும் இல்லை.

பின்னாலிருந்து அம்மா எழுந்து வந்தாள். இத்தனை கச்சேரியில் ஒரு தடவைகூட மேடைக்கு முன்னால் வராதவள், பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"யோவ், அத கீழ வை. அது எங்க எடம்."

அவர் டிரம்பெட்டை இறக்கினார். அம்மா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "இன்னா பாத்துகினு கீறீங்க, வாசிங்க!" என்றாள். மலை வாசித்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சிவப்புக் கோட்டுக்காரரும் வெறும் வாயால் சேர்ந்துகொண்டார். நான் சரணத்துக்குச் சரியான நேரத்தில் வந்தேன்.